கடாரம் கொண்டான் கண்மூடிய இடம்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்பூதூர் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். மாலை வேளையில் அந்த நாற்சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். புத்தம் புதிய மோட்டார் வண்டிகளை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு, ரயில் வண்டி போல் நீண்ட லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கு நோக்கி ஊர்ந்து செல்லும். சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர்த் துறைமுகத்திலும் அவற்றுக்காகக் கப்பல்கள் காத்திருக்கின்றன. ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பிரதேசத்துக்கும் கடலுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் ஏற்படும் என்று ஐம்பது வருஷங்களுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால், கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

நாம் இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் சரித்திரம் கற்பித்து வருகிறோம். நம் மாணாக்கரில் பாதிப் பேருக்கு இது சொந்த ஊர் அன்று. தொழிற்சாலை வேலையை நாடித் தென் ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் அவர்கள். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில், "உங்கள் முன்னோரைப் பற்றி வீட்டில் விசாரித்து எழுதி வாருங்கள்" என்று சொல்லியிருந்தோம். நாகப்பட்டினத்துப் பையன் ஒருவன் நான்கே வரி எழுதி வந்தான். அவனுடைய பாட்டனாரின் தகப்பனார் தோணியில் வேலை பார்த்தவராம். பினாங்குக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற தோணியோடு போனவர் திரும்பவே இல்லையாம். எந்த ஊரில் இறந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்பது குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாதாம். ஆடி அமாவாசையன்று நாகைக் கடற்கரையில் நின்று எள்ளும் தண்ணீரும் விடுவதோடு சரியாம்.

அன்றைப் பாடம் இராஜேந்திர சோழனுடைய கடாரப் படையெடுப்பு. பாடம் முடிந்து புஸ்தகங்களை மூடும் சமயத்தில் அந்தப் பையன் எழுந்து, "ஏன் ஸார், அந்த ராஜாவுக்காவது சமாதி இருக்கா?" என்று கேட்டான். வகுப்பில் இரண்டொருவர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டம் பெற்று இருபது ஆண்டுகளாகச் சரித்திரம் போதிக்கும் நமக்கு அந்தக் கேள்விக்குச் சட்டென்று விடை சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. "பார்த்துச் சொல்றேன், உட்கார்" என்று சமாளித்துவிட்டு வெளியே வந்தோம். விடை காண இரண்டு மாதங்கள் பிடித்தன.

சமாதியைத் தேடுமுன் அந்த வாழ்க்கையே எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த இராஜேந்திரன், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் படித்தவர்களுக்கும் தெரியாதவனாக இருந்தான். கி.பி. 1012ல் தந்தை இராஜராஜனுடன் இளவரசுப் பட்டம் ஏற்று, 1014ல் தனியரசனாகி, 1044 வரையில் ஆண்டவன். அவன் கங்கைக் கரை வரையில் சேனையை அனுப்பியதும், கங்கைகொண்ட சோழபுரம் என்ற புதுத் தலைநகரை அமைத்ததும், 1025ஆம் ஆண்டை ஒட்டிக் கடலுக்கு அப்பால் கப்பற்படையைச் செலுத்தியதும் கோயில் சுவர்களிலும் செப்பேடுகளிலும் உறங்கிக்கொண்டிருந்தன. 1905ல் நமக்கு அண்மையிலுள்ள திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. அவற்றின் தமிழ்ப் பகுதி இராஜேந்திரனது ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஸ்ரீபெரும்பூதூரில் ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஆண்டு 1017 என்று சம்பிரதாயம் சொல்கிறதல்லவா? ஏறக்குறைய அதே ஆண்டுதான். ஆகவே உடையவர் தொட்டிலில் கிடந்த நாளில் இந்த ஊர் செலுத்திய வரி இராஜேந்திரனுடைய கருவூலத்துக்கே போயிற்று. இதைச் சொன்னால் நம் ஊர்ப் பெரியவர்கள் கூட வியப்படைகிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் சாஸனம் அந்தப் படை வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்லுகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், நக்கவாரம் என்று போய்க் கடாரத்தில் முடியும் அந்த வரிசையை முதலில் படித்த அறிஞர்கள் திகைத்துப் போனார்கள். சாஸன ஆராய்ச்சியில் பெரும்புகழ் பெற்ற ஜெர்மானியரான ஹுல்ட்ஷ், கடாரம் என்பது இராமநாதபுரச் சீமையிலுள்ள கிடாரம் என்ற ஊர்தான் என்று கருதினார். தஞ்சாவூரிலிருந்து இராமநாதபுரம் போவதற்கு எதற்காகக் கப்பல்? பிறகு வந்த சிலர் பர்மாவிலுள்ள பெகுவே கடாரம் என்றார்கள். அங்கே நின்ற இரண்டு கருங்கற் றூண்களை இராஜேந்திரனின் ஜயஸ்தம்பங்கள் என்று காட்டியவர்களும் உண்டு. கடைசியில் 1918ல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் ஸெடேஸ், ஸ்ரீவிஜயம் என்பது சுமாத்ராத் தீவிலுள்ள பலம்பாங்கைத் தலைநகராகக் கொண்ட பெரிய கடலரசு என்று நிலைநாட்டினார். அதன் பிறகே கடாரம் என்பது மலாய் நாட்டுக் கெடா என்பது தெளிவாக விளங்கலாயிற்று.

கெடா! இந்தச் சொல்லில் நாம் சற்று நின்றோம். பினாங்குத் தீவு, 1786ல் ஆங்கிலேயர் கைக்குப் போகும் வரையில் கெடா ஸுல்தானுக்குச் சொந்தமானது. நம் நாகைப் பையனின் கொள்ளுப்பாட்டனார் தோணியேறிப் போன இடமும், இராஜேந்திரனின் கலங்கள் போன இடமும் ஒன்றுதான். நடுவே கழிந்தவை தொள்ளாயிரம் வருஷங்கள். அந்தத் தோணிக்காரர் தாம் கடாரத்துக்குப் போவதாக நினைத்திருக்க மாட்டார்.

இராஜேந்திரன் தானே கப்பலேறிச் சென்றானா? நாடகங்களில் அவனைக் கப்பலின் முன்தளத்தில் உருவிய வாளுடன் நிறுத்துகிறார்கள். சாஸனமோ அவன் பல கலங்களைச் செலுத்தினான் என்றுதான் சொல்கிறது. போனான் என்று சொல்லவில்லை. அரசாங்கத்துக்கென்று தனிக் கப்பற்படை இருந்ததா, அல்லது கீழ்க்கடலில் நன்கு பழகிய வணிகர் கூட்டத்தாரின் மரக்கலங்களே சேனையையும் ஏற்றிச் சென்றனவா என்பதிலும் அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. சீன தேசத்து ஏடுகள் சோழ நாட்டுத் தூதர் 1015லும் 1033லும் வந்து சேர்ந்ததைக் குறித்து வைத்திருக்கின்றன. அந்த வர்த்தக மார்க்கத்தின் நடுவே, மலாக்கா ஜலசந்தியைக் காவல் காத்து நின்றது ஸ்ரீவிஜயம். ஆகவே சண்டைக்குக் காரணம் வியாபாரம் என்று ஊகிப்பது தவறாகாது. இத்தனைக்கும், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விஹாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமளித்தவன் இராஜராஜன். அந்தத் தானத்தைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் இதே இராஜேந்திரன்! ஈழத்தின் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்து வந்ததும் இவன் காலத்தில்தான். அந்த மன்னன் பன்னிரண்டு ஆண்டுகள் சோழ நாட்டில் கைதியாக இருந்து இங்கேயே மாண்டான் என்று சூளவம்சம் சொல்கிறது. அவனுடைய சமாதியைத் தேடி ஈழத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தால் நாம் எதைக் காட்டுவோம்?

இனிச் சமாதிக்கு வருவோம். சோழர் இறந்த இடங்களைக் குறித்துக்கொண்டு வந்தபோது நமக்கு ஒரு விஷயம் புலனாயிற்று. சோழ மன்னர்களில் பலர் சோழ நாட்டில் இறக்கவில்லை. நம் தொண்டை நாட்டில் இறந்திருக்கிறார்கள். முதலாம் ஆதித்தன் காளஹஸ்திக்கு அருகில் தொண்டைமான் ஆற்றூரில் இறந்தான். மகன் பராந்தகன் அங்கே பள்ளிப்படைக் கோயில் எழுப்பினான். இராஜாதித்தன் 949ல் தக்கோலப் போர்க்களத்தில் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அரிஞ்சயன் இறந்தது ஆற்றூரில். அவனுக்கு மேல்பாடியில் பள்ளிப்படை எடுத்தவன் பேரனாகிய இராஜராஜன். சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் கண்மூடினான். வடக்கு எல்லையில் ஓயாத யுத்தம் இருந்ததால் அரசர்களும் இங்கேயே பாசறை கொண்டிருந்தார்கள் போலும். நம் ஒரகடத்தை நடுவாக வைத்து ஒரு வட்டம் போட்டால், ஒரு நாள் பிரயாணத்துக்குள் இத்தனை சோழர்களின் முடிவிடங்களும் அடங்கிவிடுகின்றன. தஞ்சையில் சோழர் பிறந்த பெருமை பேசுகிறார்கள். அவர்கள் இறந்த இடங்களோ நம் பக்கத்தில் இருக்கின்றன.

பள்ளிப்படை என்பது இறந்தோரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பும் கோயில். இராஜேந்திரனே அப்படி ஒரு கோயில் எடுத்திருக்கிறான், தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்காக. பழையாறைப் பகுதியில், பட்டீச்சுரத்துக்கு அருகே இன்றும் அது நிற்கிறது. பெற்ற தாயல்லாத ஒருத்திக்குக் கல்லால் கோயில் எடுத்தவனுக்கு, அவன் பெயரோடு கூடிய பள்ளிப்படை ஒன்று இல்லை. அவன் அமைத்த தலைநகரத்தின் கதியோ இன்னும் பரிதாபம். 1836ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கோயில் தப்பியதே பெரிது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில், மண்ணைத் தோண்டினால் செங்கற் சுவர்களின் அடிப்பாகம் அகப்படுகிறது.

அப்படியானால் தடயமே இல்லையா? ஒன்று இருக்கிறது. 1915ல் சாஸன இலாகாவினர் செய்யாற்று வட்டாரத்துப் பிரமதேசம் என்ற கிராமத்தில் ஒரு கல்வெட்டைப் படியெடுத்தார்கள். இராஜேந்திரனின் மகன் இராஜாதிராஜனுடைய இருபத்தாறாவது ஆட்சியாண்டில், அதாவது 1044ல், பொறிக்கப்பட்டது அது. இராஜேந்திர சோழ தேவரின் திருமேனி அடக்கமான அதே இடத்தில் அவருடைய தேவி வீரமாதேவியும் புகுந்துவிட்டார். அந்தத் தேவியின் சகோதரன், சேனாபதி மதுராந்தகனான பரகேசரி வேளான், தன் சகோதரியின் தாகம் தணிவதற்காகத் தண்ணீர்ப் பந்தல் நடத்த நிலம் விட்டான். கல்வெட்டின் சாரம் இவ்வளவே.

இதைப் படித்ததும் நேரில் போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். இங்கே வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரமதேயமாக விடப்பட்ட ஊர்களெல்லாம் பிரமதேசம் ஆனபடியால், தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒன்று இருக்கிறது. விழுப்புரம் ஜில்லாவில், எசாலத்துக்கும் எண்ணாயிரத்துக்கும் அருகே இன்னொன்று இருக்கிறது. நண்பர் ஒருவர் பேச்சை நம்பி முதலில் இந்த இரண்டாவது ஊருக்குத்தான் போனோம். போனது தவறென்றாலும் வருத்தமில்லை. எசாலத்தில் 1987ல் இராஜேந்திரன் காலத்துச் செப்பேடும் விக்கிரகங்களும் கிடைத்தன. எண்ணாயிரத்திலோ அவன் காலத்தில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்விச்சாலை நடந்ததாகக் கல்வெட்டு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆசிரியருக்கு இருபத்துநான்கு பேர். நம் வகுப்பில் நாற்பத்தெட்டு!

சரியான பிரமதேசத்துக்கு வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். ஒரகடத்திலிருந்து ஐம்பது மைலுக்கு உள்ளாகவே இருக்கும். வாலாஜாபாத் வழியாகக் காஞ்சி போய், அங்கிருந்து வேறு பஸ் ஏறிப் பாலாற்றைத் தாண்டினோம். ஆற்றில் மணல்தான் இருந்தது. தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் மறைந்து நெல் வயலும் கரும்புத் தோட்டமும் தோன்றின. பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பகல் பதினோரு மணி வெயில் தலையைப் பிளந்தது. வழி கேட்ட வீட்டில் ஓர் அம்மாள், கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "முதல்ல குடிங்க ஐயா, கோயில் எங்கேயும் ஓடிடாது" என்றார். சந்திரமௌலீசுவரர் கோயிலுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று சொன்னதும், "ராஜாவைப் பார்க்க வந்தீங்களா?" என்று அவரே கேட்டார். வெளியூர்க்காரர்கள் இப்படி அடிக்கடி வருவார்கள் போலும்.

கோயில் கற்றளி. சுவரெங்கும் எழுத்து. உச்சி வெயிலில் எழுத்துக்கள் கல்லோடு கல்லாக மங்கிப் போய்விடுகின்றன. வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போது ஒவ்வோர் எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கிறது. அதற்காகச் சாயங்காலம் வரையில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். அச்சில் படித்ததைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவி நாலைந்து சொற்களைக் கூட்டிப் படித்ததுதான் மிச்சம். பண்டிதர்களுக்கு எளிதாக இருக்கலாம். நமக்கு அந்த நாலைந்து சொற்களே போதுமானதாக இருந்தன.

ஒரு பெரிய அரசனின் மரணத்துக்கு இதைவிடச் சிறிய சாட்சியம் இருக்க முடியாது. வெற்றியைப் பற்றி எழுத நேர்ந்தபோது பன்னிரண்டு பதின்மூன்று ஊர்களை அடுக்கியவர்கள், மரணத்தைப் பற்றித் தனியாக ஒரு சாஸனம் வெட்டவில்லை. ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு விட்ட நிலத்தின் கணக்கில், போகிற போக்கில், அது வந்து நிற்கிறது. தங்கை மேல், அல்லது தமக்கை மேல், ஒரு சகோதரனுக்கு இருந்த பாசம் இல்லாவிட்டால் இதுவும் நமக்குக் கிடைத்திராது.

அந்தத் தேவியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போகக்கூடாது. அவர் புகுந்ததைச் சிலர் கற்பின் பெருமை என்று எழுதுகிறார்கள். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தைகளிடம் அப்படிச் சொல்ல நமக்கு நா எழவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அதே சோழர் குடும்பத்தில், கண்டராதித்தரை இழந்த செம்பியன் மாதேவியார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்ந்து, செங்கற் கோயில்களையெல்லாம் கற்கோயில்களாக்கினார். வாழ்வதற்கும் வழி இருந்தது. சேனாபதியின் மனத்தில் பெருமை இருந்ததா என்பதை நாம் அறியோம். அவன் நினைத்தது தாகத்தை. சகோதரிக்கு நேர்ந்தது எத்தகைய முடிவு என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிக் கொடுக்கிறது. அவளுக்கு இனிக் கொடுக்க முடியாத தண்ணீரை வழிப்போக்கருக்குக் கொடுக்கச் சொல்லி நிலம் எழுதி வைத்தான்.

சரி, சமாதி எங்கே? அரசனும் தேவியும் அடங்கியது பிரமதேசத்தில்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வது நியாயமாகவே படுகிறது. வேறெங்கோ நடந்த சாவுக்கு இந்தச் சிற்றூரில் வந்து தண்ணீர்ப் பந்தல் வைப்பானேன்? ஆனால் சந்திரமௌலீசுவரர் கோயிலே பள்ளிப்படை என்று சொல்வது வேறு விஷயம். மேல்பாடியிலும் தொண்டைமான் ஆற்றூரிலும் பட்டீச்சுரத்திலும் கல்வெட்டே வாய் திறந்து 'பள்ளிப்படை' என்கிறது. இங்கே நாம் படித்த சாஸனம் அப்படிச் சொல்லவில்லை. கோயிலுக்கு உள்ளேயா, வெளியே வயலிலா, ஏரிக்கரையிலா என்பதைச் சொல்லாமல் நிலக் கணக்கோடு நின்றுவிடுகிறது. கருவறையைக் காட்டி, "இதோ, இங்கேதான்!" என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது நமக்குத்தான் தெரியும். உடையாளூரில் பாதி புதைந்த ஒரு லிங்கத்தைக் காட்டி இராஜராஜனின் சமாதி என்கிறார்கள்; விவகாரம் நீதிமன்றம் வரையில் போயிற்று. ஆசை சாட்சியம் ஆகிவிடாது.

அவன் பெயர் மட்டும் கடலை விட்டுப் போகவில்லை. வர்த்தகக் கப்பல் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க பம்பாயில் இருந்த 'டப்ரின்' கப்பலுக்குப் பதிலாக 1972ல் வந்த பயிற்சிக் கப்பலுக்கு 'இராஜேந்திரா' என்று பெயரிட்டார்கள். 1993 வரையில் நம் நாட்டு மாலுமிகள் பலர் அந்தக் கப்பலில்தான் தொழில் கற்றார்கள். அவனோடு 1025ல் போனவர்களின் பெயரோ ஒன்றும் தெரியாது. துடுப்புத் தள்ளியவன், பாய் கட்டியவன், நங்கூரம் இறக்கியவன், காற்றில் கவிழ்ந்த கலத்தோடு போனவன் எவனுக்கும் கல்லில் ஓர் எழுத்து இல்லை. தாகத்தை நினைத்து நிலம் விடுவதற்குச் சேனாபதியான சகோதரனும் இல்லை.

பள்ளி திறந்ததும் வகுப்பில் இவ்வளவையும் சொன்னோம். கரும்பலகையில் 'பிரமதேசம், 1044' என்று எழுதி, பக்கத்தில் ஒரு வயல், ஓர் ஏரி, ஒரு கோயில் வரைந்து, மூன்றின் மேலும் கேள்விக்குறி போட்டோம். கெடாவையும் பினாங்கையும் தேசப்படத்தில் காட்டினோம். நாகைப் பையன் எழுந்து தேசப்படத்துக்கு அருகே வந்து, நாகப்பட்டினத்தில் ஒரு விரலும் பினாங்கில் ஒரு விரலும் வைத்துத் தூரத்தை அளந்து பார்த்தான். பிறகு, "அந்தத் தண்ணீர்ப் பந்தல் இப்போ இருக்கா ஸார்?" என்று கேட்டான்.

"இல்லை. ஆனா அந்த ஊர்ல தண்ணி கேட்டாக் கொடுக்கறாங்க" என்றோம்.

இராஜேந்திரன் பிறந்த நக்ஷத்திரம் ஆடித் திருவாதிரை. கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்று விழா எடுக்கிறார்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டினால், அது பெரும்பாலும் ஆடி அமாவாசையை ஒட்டியே வருவதைக் காணலாம். இந்த வருஷம் அந்தப் பையன், தகப்பனாருடன் நாகைக்குப் போக வேண்டும் என்று இரண்டு நாள் லீவு கேட்டு எழுதியிருந்தான். ஒரு நாளுக்கு மேல் கொடுப்பது பள்ளி வழக்கமில்லை. இரண்டு நாளுக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.